கோப்புக்குப் பெயர் இல்லை

'ஐநோடு' என்னும் சொல்லை இலக்கியம் பேசும் இவ்விடத்தில் கண்டு நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். அது கணினித் துறையாரின் சொல். யூனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளுக்குள் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய சிறு குறிப்பேடு ஒன்றும் உண்டு. அக்குறிப்பேட்டின் பெயர்தான் ஐநோடு. தமிழ் முதுகலை படித்துத் தமிழே கற்பித்துவரும் எனக்கு இச்சொல் அறிமுகமானது, வருசநாட்டு ஒப்பாரிப் பாடல்கள் சிலவற்றை மீட்க முனைந்தபோது. அந்த மீட்பின் கதையையும், அதனூடே எனக்கு விளங்கிய ஒரு செய்தியையும் இங்கே எழுத விரும்புகிறேன். கணினி அறிந்த நண்பர்கள் என் எளிய விளக்கங்களைப் பொறுத்தருள்க.

2005ஆம் ஆண்டு நான் ஆய்வு மாணவி. ஆண்டிபட்டியைக் கடந்து க.விலக்கில் திரும்பினால், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என மூல வைகையை ஒட்டியே சென்று வருசநாட்டை அடைகிறது சாலை. இலவமும் முந்திரியும் விளையும் மலையடிவாரம் அது. அதற்கும் மேலே வாலிப்பாறை, தும்மக்குண்டு எனச் சிற்றூர்கள். நாங்கள் நால்வர் ஒலிநாடாக் கருவியோடு அவ்வூர்களில் அலைந்தோம். சாவு நிகழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவதைப் பெண்கள் விரும்புவதில்லை. அது வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. ஆகவே களத்துமேட்டிலும் மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் அமர்ந்து பாடினார்கள். பாடத் தொடங்கிய சிறிது நேரத்தில் எங்களை மறந்து தங்கள் இழப்புக்காகவே அழுதார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய அந்தந்த வாரமே பாடல்களைக் கேட்டெழுதிக் கல்லூரிக் கணினி ஒன்றில் தட்டச்சு செய்துவிடுவோம். மொத்தம் 58 கோப்புகள். ஊரின் பெயர், பாடியவர் பெயர், வரிசை எண் என்பதே கோப்பின் பெயர். உள்ளே பாடல் மட்டும் இருக்கும். ஒலிநாடாக்கள் பின்னாளில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போயின. கணினியும் கழிவாயிற்று. அதன் வன்தட்டு மட்டும் ஒரு துணிச்சுருளில் பலகாலம் அலமாரியில் கிடந்தது. 2023ஆம் ஆண்டு அது என் கைக்கு வந்தபோது, அப்பாடல்களைப் பாடியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

*

வன்தட்டைக் கணினித் துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் அதனை அப்படியே முழு நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் கைவைத்தார். கோப்புகள் இருந்தன. ஆனால் பெயர்கள் இருந்த இடத்தில் கறுத்த சாய்சதுரங்களுக்குள் கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாகத் தெரிந்தன. எது எந்தப் பாடல் என்று ஒன்றும் புலப்படவில்லை.

இதற்குக் காரணம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று நாங்கள் தட்டச்சு செய்தது திஸ்கி என்னும் குறியேற்றத்தில். ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகக் குறிக்கப் பல முறைகள் வழங்கின. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு முறை இருந்த நிலையில், இணையத்தில் கூடிய தமிழார்வலர்கள் கலந்துபேசி உருவாக்கியது திஸ்கி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழநூல்களை அதிலும் வெளியிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்களைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனப் பதியும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். உயிர்க்குறி பின்னால் வரும். ஒருங்குறியை மட்டும் எதிர்பார்க்கும் இன்றைய திரைக்குத் திஸ்கிப் பெயர் பொருளற்ற எண்கோவை. அதனால்தான் கேள்விக்குறி.

இவ்விடத்தில் லினக்ஸின் இயல்பு ஒன்றையும் சொல்லவேண்டும். கோப்பின் பெயர் எந்த மொழி, எந்த எழுத்து என்று அது பெரும்பாலும் கேட்பதே இல்லை. பெயர் அதற்கு எண்களின் தொடர், அவ்வளவே. சாய்கோடும் சுழியும் மட்டும் பெயருக்குள் வரலாகாது. இந்த அலட்சியத்தால் வேறொரு விந்தையும் நேரும். ஒருங்குறியிலேயே 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். ஆகவே ஒரே இடத்தில் 'கொடி' என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கமுடியும். கண்ணால் வேறுபடுத்தவே இயலாத அவற்றை வேறுபடுத்துவது எது?

எண். எல்.எஸ். என்னும் கட்டளையோடு 'ஐ' என்னும் சிற்றெழுத்தைச் சேர்த்து இட்டார் நண்பர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் ஐநோடு எண் வந்து நின்றது. பெயர்கள் சிதைந்திருந்தன, எண்களில் ஐயம் எதுவுமில்லை. அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒவ்வோர் எண்ணையும் சொல்லி அதற்குரிய கோப்பைத் தேடச் செய்து, நல்ல தமிழில் மறுபெயர் சூட்டினோம். லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்னும் கருவி திஸ்கியை இன்றும் அறியும். அதன் துணையால் பெயர்களும் பாடல்களும் ஒருங்குறிக்கு மாறின. இரண்டு மாலைகளில் 54 கோப்புகள் மீண்டன.

*

எண்ணைக் கொண்டு கோப்பை அடைவது எப்படி என்று நான் வினவியபோது நண்பர் சொன்ன விடை என்னைச் சிந்திக்கச் செய்தது. "பேரு டைரக்டரிக்குத்தான் மேடம் சொந்தம். ஃபைலுக்குத் தன் பேரே தெரியாது," என்றார்.

டைரக்டரி என்பதை நாம் அடைவு என்கிறோம். கோப்புகளை இட்டுவைக்கும் பை என்றே நான் அதனை எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஓர் எண். வேறொன்றும் அங்கில்லை. கோப்பைப் பற்றிய மற்றச் செய்திகளெல்லாம் ஐநோட்டில் உள்ளன. உரிமையாளர் யார், எவரெவர் படிக்கலாம், எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, உள்ளடக்கம் வட்டில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது ஆகிய அனைத்தும் அங்குண்டு. பெயர் மட்டும் அங்கில்லை.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்திலேயே அமைந்த வகுப்பு இது. ஐநோடு என்பதில் உள்ள 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் ரிச்சியிடம் கேட்டபோது, தமக்கும் உறுதியாகத் தெரியாது, 'இன்டெக்ஸ்' என்பதாக இருக்கலாம் என்று விடையளித்தார். பெயரைப் பிரித்து வெளியே வைத்தவர்களுக்கே தாங்கள் வைத்த பெயரின் மூலம் நினைவில்லை!

பெயர் வெளியே இருப்பதால் ஒரு கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கமுடியும். இரண்டு அடைவுகளில் இரண்டு பெயர்களுக்கு எதிரே ஒரே எண் இருக்கலாம். அவற்றுள் எது மூலப்பெயர், எது மாற்றுப்பெயர் என்ற வேறுபாடும் இல்லை. எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் ஐநோடு வைத்திருக்கும். கோப்பை 'அழிக்கிறோம்' என்று நாம் சொல்லும்போது நிகழ்வது ஒரு பெயரின் பிணைப்பை அவிழ்ப்பதே. எண்ணிக்கை சுழியானால்தான் கோப்பு இறக்கிறது. அப்போதும் ஏதேனும் ஒரு செயலி அதனைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால், அது படித்து முடிக்கும்வரை பெயரில்லாமலேயே கோப்பு வாழும்.

அப்படியானால் பெயரே இன்றி எண்ணை மட்டும் கொடுத்துக் கோப்பைத் திறக்கலாமே எனத் தோன்றும். யூனிக்ஸ் இதற்குப் பொதுவழி வைக்கவில்லை. காரணம் காவல். ஒரு கோப்பை அடைய நாம் கடந்துசெல்லும் ஒவ்வோர் அடைவும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் 'நீ உள்ளே வரலாமா' என்ற சோதனை நடக்கும். எண் எல்லா வாசல்களையும் தாண்டிக் குதித்து நேரே உள்ளறைக்குப் போய்விடும். ஆகவே நாங்கள் முதலில் செய்த தேடலும் உண்மையில் நேரடி அணுகல் அன்று. அடைவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரின் வழியாகவே கோப்பைத் தொட்டது அக்கட்டளை. எண்ணையொத்த ஒரு கைப்பிடியைக் கொண்டு கோப்பைத் திறக்கும் வசதி லினக்ஸில் 2011இல் வெளிவந்த 2.6.39 பதிப்பில் சேர்ந்தது. அதற்கும் தனிச்சிறப்பான அதிகாரம் வேண்டும்.

உண்மையான நேரடி வழி ஒன்று உண்டு. வட்டின் முழுப்பொறுப்பும் உடையவருக்கு மட்டும் வாய்ப்பது. டீபக்எஃப்எஸ் என்னும் கருவியில் கூர் அடைப்புக்குறிகளுக்குள் எண்ணை இட்டால், பெயரோ வாசலோ இன்றி உள்ளடக்கம் வந்து நிற்கும். எஞ்சிய நான்கு கோப்புகளுக்கு அந்த வழி தேவைப்பட்டது.

*

அதற்குமுன் ஒரு சிறு விலகல். எண்ணால் பாடலைச் சுட்டுவது தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. குறுந்தொகை 40 என்றால் போதும். எந்தப் பாடல் என்று வகுப்பில் பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். அப்பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலுக்குள் உள்ள தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டார்கள். அடுத்த பாடலுக்கு அணிலாடு முன்றிலார். 54ஆம் பாடலுக்கு மீனெறி தூண்டிலார். நற்றிணை 284க்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயர் இழந்த கோப்பைத் திறந்து பார்த்து, உள்ளே கண்டதைக் கொண்டே மீண்டும் பெயர் சூட்டிய செயல் இது.

எண் இருந்து பாடல் இல்லாத இடங்களும் நம்மிடம் உண்டு. புறநானூற்றில் 267, 268, ஐங்குறுநூற்றில் 129, 130, நற்றிணையில் 234. இவை வெறும் இருக்கைகள். எக்ஸ்ட் வகைக் கோப்பமைப்பிலும் இப்படித்தான். வட்டை முதன்முதலில் வகுக்கும்போதே ஐநோடுகளுக்கான இருக்கைகள் இவ்வளவு என்று போட்டுவைத்துவிடுகிறார்கள். கோப்பு வராத எண்களும் அங்கே காத்திருக்கும்.

எண்ணை நம்புவதன் எல்லையும் நம் மரபில் தெளிவாகத் தெரியும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணர் கொண்ட நூற்பாக்கள் 456. சேனாவரையர் கொண்டவை 463. எந்த உரை என்று சொல்லாமல் நூற்பா எண்ணை மட்டும் சொன்னால் பயனில்லை. திருக்குறளுக்கு நாம் இன்று வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியவை. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல அதிகாரங்களில் வேறு. ஐநோடு எண்ணும் அப்படியே. ஒரு வட்டின் ஒரு கோப்பமைப்புக்குள் மட்டுமே அதற்குப் பொருளுண்டு. கோப்பை வேறு வட்டுக்குப் படியெடுத்தால் பெயர் உடன்வரும், எண் வராது. பழைய வட்டில் கோப்பு இறந்தால் அதன் எண் இன்னொரு கோப்புக்குப் போய்விடும். அதனால்தான் தொலைவிலிருந்து கோப்புகளை அணுகும் என்.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள், எண்ணோடு 'தலைமுறை எண்' ஒன்றையும் சேர்த்துச் சரிபார்க்கின்றன. இல்லையேல் இறந்தவரின் கதவு எண்ணைச் சொல்லிப் புதிதாகக் குடிவந்தவரை எழுப்பியதாகிவிடும்.

*

நான்கு கோப்புகளுக்கு வருகிறேன். வட்டில் ஓர் அடைவே பழுதுபட்டிருந்தது. அந்தப் பட்டியல் போனதால் அதிலிருந்த பெயர்களும் போயின. ஐநோடுகளும் உள்ளடக்கமும் பழுதின்றிக் கிடந்தன. எந்தப் பெயரும் சுட்டாத இத்தகைய கோப்புகளைச் செப்பனிடும் நிரல் கண்டால், 'தொலைந்து கிடைத்தவை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிடப்பட்ட ஓர் அடைவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெயர் தெரியாததால் எண்ணையே பெயராக்கும்.

செப்பனிடும் முன்பே நண்பர் டீபக்எஃப்எஸ்ஸில் எண்ணை இட்டு ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினார். மூன்று கோப்புகள் குறைப்பாடல்கள். நான்காவது முழுமையானது. பின்னர் #98316 என்று பெயர் பெற்றது அது. தாயை இழந்த மகள் பாடியது. ஒப்பாரியில் பல அடிகள் பொதுவானவை; யார் பாடினாலும் வருபவை. அப்பொதுவடிகளுக்கு நடுவே பாடுபவரின் சொந்த வாழ்விலிருந்து ஓரிரு செய்திகள் புகும். இப்பாடலில் வந்த செய்தி ஆறு. பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கமுடியாமல், அக்கரையில் எரியும் தாயின் சிதையை இக்கரையில் நின்று பார்த்ததாக அவள் பாடியிருந்தாள். பாடியவள் யார்? அவள் பெயர் இருந்த ஒரே இடம் அழிந்துபோன அந்தப் பட்டியல்.

ஐநோடு எனக்குப் பெயரைத் தரவில்லை, நாளைத் தந்தது. கடைசியாகத் திருத்தப்பட்டது 2005 டிசம்பர் 14. என் களக்குறிப்பேட்டில் அந்த வாரத்துப் பக்கங்களைப் பார்த்தேன். வருசநாட்டுக்கு மேலே ஒரே சிற்றூர், மூன்று பெண்கள். எழுதியெடுத்த பாடலை ஒருங்குறியில் அச்சிட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மூவரில் ஒருவர்தான் இருந்தார். பார்வை மங்கியிருந்தது. சில அடிகளைப் படித்ததுமே, "நான் பாடுனது இல்ல தாயி இது," என்று கையசைத்துவிட்டார். இரண்டாமவரின் குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. மூன்றாமவரின் மகள் அவ்வூரிலேயே இருந்தார். திண்ணையில் அமர்ந்து தாளை எடுத்ததும், "வீட்ல வச்சுப் படிக்க வேணாம் டீச்சர், வெளிய வாங்க," என்று இலவமரத்தடிக்கு அழைத்துப்போனார். அவர் அன்னையும் 2005இல் எங்களிடம் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஆறு வரும் இடம்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அடியைப் படித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இது எங்க அம்மா பாட்டுதான். எங்க அம்மாச்சி செத்தப்ப ஆத்துல வெள்ளம். போய்ச் சேரமுடியல. கடைசிவரைக்கும் அதைத்தான் சொல்லிச்சொல்லி அழுகும்," என்றார். சற்றுப் பொறுத்து, நான் படித்து முடித்த இடத்திலிருந்து அவரே தொடர்ந்து இரண்டு அடிகள் பாடினார். அவை கோப்பில் இல்லாதவை.

அந்த அம்மாவுக்கு ஊர் வழங்கிய பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் இருந்த பெயர் ஒன்று. என் குறிப்பேட்டில் இருந்தது ஊர்ப்பெயர். மகள் இரண்டையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அப்பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. அவை அக்குடும்பத்துக்கு உரியவை.

*

எண்ணின் பெருமை எனக்கு இப்போது ஐயமறத் தெரியும். பெயர் சிதைந்த 54 கோப்புகளை அது பிழையின்றிப் பிரித்துக் காட்டியது. பெயரே இழந்த நான்கையும் வட்டின் இருட்டிலிருந்து எடுத்துத் தந்தது. எனினும் அது இவள் இன்னாள் என்று சொல்லவில்லை. சொல்லும் ஆற்றலும் அதற்கில்லை. ஏனெனில் பெயர் பொருளுக்குள் இருப்பதன்று. பெயர் சொல்லி அழைப்பவர்களின் பட்டியலில் இருப்பது. அப்பட்டியல் அழிந்தால் அதனை மீண்டும் எழுதக்கூடியவர்கள் அழைத்தவர்களே. வட்டுக்குள் தேடி முடித்தபின் பேருந்து ஏறியாக வேண்டும்.

களப்பணி செய்யும் இளம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் கோப்பின் தலைப்பில் மட்டுமன்றிக் கோப்புக்குள் முதல் வரியிலும் எழுதுங்கள். ஏட்டுச்சுவடிகளை எழுதியவர்கள் எழுதிய நாளையும் தம் பெயரையும் சுவடியின் இறுதியிலேயே குறித்துவைத்த வழக்கம் உண்டு. மேலட்டை போனாலும் ஏடு தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்.

#98316 இப்போது அந்த அம்மாவின் இரு பெயர்களிலும் இரண்டு அடைவுகளில் உள்ளது. கோப்பு ஒன்றே, பிணைப்பு இரண்டு. மகள் பாடிய இரண்டு அடிகளை, அவர் பாடியவை என்ற குறிப்போடு இறுதியில் சேர்த்திருக்கிறேன். எஞ்சிய மூன்று குறைப்பாடல்களும் இன்னும் எண்களாகவே இருக்கின்றன. அவற்றின் நாள்கள் தும்மக்குண்டுப் பக்கம் சென்ற வாரங்களோடு பொருந்துகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஆற்றில் நீர் வடிந்ததும் அங்கே போகவேண்டும்.